இருபது வருடம் பரணில் கிடந்த கென்வுட் டிஎஸ்-520எஸ் செட்டை மீண்டும் ஓட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். திருநெல்வேலியில் உங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் இருபது வருடமாகக் கிடந்த கென்வுட் டிஎஸ்-520எஸ் என்ற அமெச்சூர் வானொலி செட் (அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி) உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடவே அவர் கையால் கட்டிய, இரண்டு 811ஏ வால்வுகள் போட்ட லீனியர் (செட்டின் சக்தியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றும் இருக்கிறது. இப்போதுதான் தேர்வு எழுதி, தொடக்கநிலை உரிமத்துக்கான வியு3 அழைப்புக்குறி வாங்கியிருக்கிறீர்கள். ‘பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா, ஃபைனல் வால்வு இன்னும் கிடைக்குமா’ என்பது நீங்கள் எழுதிய வரி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: எதை எந்த வரிசையில் செய்தால், இதுவரை கெடாமல் இருக்கும் பாகங்களை நாமே கெடுத்துவிடாமல் செட்டை ஓட்டலாம் என்பது. நேரடியாகச் சொன்னால், இப்போதைக்குப் பிளக்கில் சொருக வேண்டாம். வால்வு கிடைக்கும், ஆனால் அதை இப்போதே தேட வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது சில ரூபாய் விலையுள்ள ஒரே ஒரு கெபாசிட்டர். ஏன் என்று கீழே வருகிறது.

இந்த மாடல் 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இதில் வால்வுகள் மொத்தம் மூன்றுதான்: அனுப்பும் சைகையை முதலில் வலுப்படுத்தும் டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, கடைசியில் ஆன்டெனாவுக்குச் சக்தி தரும் ஃபைனலாக இரண்டு எஸ்2001ஏ. ரிசீவர் முழுக்க டிரான்சிஸ்டர். முன்பக்கம் ‘ஹீட்டர்’ என்று தனி சுவிட்ச் இருக்கும். அதை அணைத்து வைத்தால் மூன்று வால்வுகளும் குளிர்ந்தே இருக்கும், ரிசீவர் மட்டும் வேலை செய்யும். பழைய செட்டை எழுப்புகிறவருக்கு இது பெரிய வசதி. பாதி செட்டை, அதுவும் ஆபத்து குறைந்த பாதியை, முதலில் சரிபார்த்து முடித்துவிடலாம். 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இதில் இல்லை என்று குழம்ப வேண்டாம். அவை 1979ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில்தான் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டன, இந்த செட்டின் வடிவமைப்பு அதற்கு முந்தையது.

மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் கழற்றி, பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, எறும்புப் புற்று இருந்தால் முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். எலியின் சிறுநீர் பட்ட இடத்தில் செம்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். அங்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தடம் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களில் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கிறதா, ரெசிஸ்டர் ஏதாவது கருகியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெயின்ஸ் ஒயரின் ரப்பரை மடக்கிப் பாருங்கள். வெடித்தால் மூன்று இழை ஒயராக மாற்றி, பச்சை இழையை சாசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) இறுக்குங்கள். இரண்டு முள் பிளக்கோடு இந்த செட்டை ஓட்டக் கூடாது. ஃபியூஸைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்பு யாராவது செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தால், அந்த செட்டில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது மெயின்ஸ் அளவு. வெளிநாட்டிலிருந்து வந்த செட் 120 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கலாம். பின்புறத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி இணைப்பைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். 220 வோல்ட்டுக்கே இணைத்திருந்தாலும் நம் ஊர் லைன் இரவில் 240ஐத் தொடும். அப்போது 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டரில் 6.87 வோல்ட் வரும், 800 வோல்ட் பிளேட் சப்ளை (ஃபைனல் வால்வுகளின் நேர்மின் தகட்டுக்குப் போவது) 870ஐத் தாண்டும். ஹீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட 10 சதவீத எல்லையின் விளிம்பு அது, வால்வின் ஆயுளைத் தின்றுவிடும். இதற்கு எளிய வழி உண்டு. 230 வோல்ட் பிரைமரி, 12 வோல்ட் 3 ஆம்ப் செகண்டரி உள்ள சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து, செகண்டரியை லைனோடு எதிர்த்திசையில் தொடராகப் போட்டால் 12 வோல்ட் குறையும். செட்டை இணைக்காமல் மீட்டரால் அளந்து பாருங்கள். 230க்கு 218 காட்டினால் சரி. 242 காட்டினால் செகண்டரியின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போடுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். அரை மீட்டர் பிவிசி பைப்பின் நுனியில் ஒரு செம்புக் கொக்கி, அதிலிருந்து 10 கிலோஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் நீளமான ஒயர், ஒயர் முனையில் முதலைக் கிளிப். கிளிப்பை முதலில் சாசிஸில் மாட்டிவிட்டு, பிறகு கொக்கியால் பிளேட் சப்ளை முனையைத் தொட்டுச் சில விநாடி பிடித்திருங்கள். அதன் பிறகு மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதை உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்யாதீர்கள். அந்த வெடிப்பில் கெபாசிட்டரின் உள் இணைப்பு கெடும், கண்ணுக்கும் ஆபத்து. கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் மீட்டரின் கறுப்பு முனையைச் சாசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரே கையால் அளந்து, மற்றக் கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

இப்போது மின்சாரம். இருபது வருடம் சும்மா இருந்த எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரில் அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். முழு வோல்ட்டேஜை ஒரே அடியாகக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் அதிகமாகி, சூடாகி, சில நிமிடத்தில் வெடிக்கும். மெதுவாக ஏற்றினால் அந்தப் படலம் மறுபடி உருவாக வாய்ப்புண்டு. இதற்கு டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றித் தரும் மாறு டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டும். பக்கத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி எலெக்ட்ரிக்கல் லேபில் கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர் ஆகியவை இதற்கு மாற்று அல்ல. அவை அலையை வெட்டிக் கொடுக்கின்றன, டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகாது. டிம்மர்ஸ்டாட்டுக்கும் செட்டுக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு 60 வோல்ட்டில் ஆரம்பித்து அரை மணி நேரம், 110இல் அரை மணி, 160இல் ஒரு மணி, பிறகு முழு அளவு. பல்பு ஆரம்பத்தில் லேசாக மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். அணைத்துவிட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு படியிலும் அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, பெரிய கெபாசிட்டர்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தாலே அது மாற்ற வேண்டிய கெபாசிட்டர். டிம்மர்ஸ்டாட் லைனிலிருந்து தனிமைப்படுத்துவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். எர்த் இணைப்பு இங்கேயும் அவசியம்.

என் கருத்தைச் சொன்னால், இந்த ஏற்றும் வேலை செட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். செட் பிழைத்தது என்று தெரிந்ததும் பிளேட் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களையும் பயாஸ் சப்ளையின் (ஃபைனல்களுக்கு நெகட்டிவ் வோல்ட் தந்து மின்னோட்டத்தை அடக்குவது) சிறிய கெபாசிட்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். 105 டிகிரி வகையாக வாங்குங்கள். பயாஸ் கெபாசிட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் பாசிட்டிவ் முனை சாசிஸுக்குப் போகும், திருப்பிப் போட்டால் பயாஸும் போய் வால்வும் போகும்.

முழு வோல்ட்டேஜ் வந்ததும் ரிசீவரைப் பாருங்கள். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்றால் அவசரப்படாமல் முன்பக்க சுவிட்சுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘ஃபிக்ஸ்’ நிலையில் இருந்தால், உள்ளே கிறிஸ்டல் போடாத செட்டில் ஒன்றும் கேட்காது. ஆர்எஃப் கெயின் முழுக்கக் குறைந்திருந்தாலும், அட்டனுவேட்டர் உள்ளே இருந்தாலும் செட் செத்தது போலவே தெரியும். பிறகு 25 கிலோஹெர்ட்ஸ் மார்க்கரை (செட்டே உண்டாக்கும் அளவுகோல் சைகை) போடுங்கள். டயலில் ஒவ்வொரு 25 கிலோஹெர்ட்ஸிலும் விசில் கேட்டால் விஎஃப்ஓ (டயல் திருப்பும் ஆஸிலேட்டர்), ஐஎஃப் (இடைநிலை அலைவரிசைப் பகுதி), ஆடியோ எல்லாம் ஓடுகின்றன. மார்க்கர் நன்றாகக் கேட்டு, ஆன்டெனாவில் மட்டும் மந்தமாக இருந்தால் ஆன்டெனா ரிலேயைச் சந்தேகியுங்கள். அதன் முனைகளில் கறுப்புப் படலம் ஏறியிருக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை நாடாவாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, ரிலேயை விரலால் மூடிப் பிடித்து முனைகளுக்கு நடுவே இழுங்கள். தாளில் சாம்பல் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரை புதுத் தாளால் திரும்ப இழுக்க வேண்டும். உப்புத்தாள் போடக் கூடாது, வெள்ளி முலாம் போய்விடும்.

கரகர சத்தம், அலைவரிசை மாற்றும்போது விட்டுவிட்டுக் கேட்பது, டயலைச் சுற்றும்போது ஒலி தாவுவது எல்லாமே பெரும்பாலும் அழுக்கான தொடுமுனைகள்தான். பேண்டு சுவிட்சுக்கும் பாட்டுகளுக்கும் (திருகிச் சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) காண்டாக்ட் கிளீனரை நேராகப் பீய்ச்சாமல், பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து முனையில் வைத்து, இருபது முப்பது முறை திருப்புங்கள். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். பேண்டு சுவிட்சின் தகடுகளில் ஊறித் தூசியைச் சேர்க்கும். விஎஃப்ஓ தாவினால், உள்ளே இருக்கும் மாறு கெபாசிட்டரின் அச்சைச் சாசிஸோடு தொடும் சிறு ஸ்பிரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஃப் காயில்களின் கோர்களை மட்டும் தொடவே வேண்டாம். அவை தானாக விலகுவது அபூர்வம். திருப்பியவர் கையில்தான் கெடும், காய்ந்த கோர் உள்ளேயே உடையும்.

இப்போது நான் சொன்ன அந்தக் கெபாசிட்டர். 12பிஒய்7ஏ வால்வின் பிளேட்டில் சுமார் 300 வோல்ட் டிசி இருக்கிறது. அங்கிருந்து ஆர்எஃப் (வானொலி அலைவரிசை மின்னோட்டம்) மட்டும் ஃபைனல் வால்வுகளின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போக வேண்டும், டிசி போகக் கூடாது. நடுவே நின்று அதைத் தடுப்பது ஒரே ஒரு கப்ளிங் கெபாசிட்டர். வயதாகி அது சிறிது கசிந்தாலும் கிரிட்டுக்கு வரும் நெகட்டிவ் பயாஸ் பாசிட்டிவ் பக்கமாக நகரும். பயாஸ் குறையக் குறையப் பிளேட் மின்னோட்டம் ஏறும், வால்வு சூடாகும், கடைசியில் பிளேட் சிவந்து, சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கால ஹைப்ரிட் செட்டுகளில் நல்ல ஃபைனல்கள் வீணாவதற்கு இது நன்கு தெரிந்த காரணம். சாதாரண கெபாசிட்டன்ஸ் மீட்டரில் இது நன்றாகவே இருப்பதாகக் காட்டும். மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில், கசிவு வருவதோ 300 வோல்ட்டில். அதனால் சோதிக்கும் வேலையே வேண்டாம், நேராக மாற்றுங்கள். சர்க்யூட் படத்தில் 12பிஒய்7ஏ பிளேட்டிலிருந்து ஃபைனல் கிரிட்டுக்குப் போகும் கெபாசிட்டரின் மதிப்பைப் பார்த்து, அதே மதிப்பில் 1 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் சில்வர் மைக்கா வாங்கிப் போடுங்கள். கால்களைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். நீளமாக விட்டால் 28 மெகாஹெர்ட்ஸில் டியூனிங் மாறும்.

மாற்றிய பிறகு உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. செட்டை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, ஃபைனல் வால்வுகள் இரண்டையும் கழற்றி வையுங்கள். பிளேட் தொப்பிக் கிளிப்புகளில் 800 வோல்ட் வரும், அவை எதிலும் படாதபடி இன்சுலேஷன் குழாய்க்குள் தள்ளிக் கட்டிவையுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை ஃபைனல் சாக்கெட்டின் 5ஆம் காலில் கிளிப் போட்டு, பிறகு செட்டையும் ஹீட்டரையும் ஆன் செய்யுங்கள். அந்த 5ஆம் கால்தான் கிரிட். அங்கே பத்துக் கணக்கில் நெகட்டிவ் வோல்ட் வந்து, கால் மணி நேரம் ஆடாமல் நிற்க வேண்டும். டிரைவர் சூடாகச் சூடாக அது பூஜ்யத்தை நோக்கி நழுவினால் கசிவு இன்னும் இருக்கிறது. வோல்ட்டே இல்லை என்றால் பயாஸ் சப்ளை செத்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் ஃபைனல்களைத் திரும்பச் சொருகாதீர்கள்.

கிரிட் வோல்ட் நிலையாக நின்றால் வால்வுகளைப் போடலாம். பயாஸ் பாட்டின் உள்ளே ஓடும் முனை அழுக்காக இருந்தால் திருப்பும்போது ஒரு கணம் தொடர்பு அறுந்து பயாஸே இல்லாமல் போகும், அதனால் அதை முன்பே சுத்தம் செய்துவிட்டு, கிரிட் அதிகபட்ச நெகட்டிவில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா முனையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வெப்பமாக்கும் 50 ஓம் ரெசிஸ்டர்), மோடு யுஎஸ்பி (மேல் பக்க அலைவரிசை), மைக் கெயின் பூஜ்யம், மீட்டர் ஐபி (பிளேட் மின்னோட்டம்) நிலை. ஹீட்டர் போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து ‘சென்ட்’ தட்டுங்கள். பயாஸை மெல்லத் திருப்பி 60 மில்லிஆம்ப் வரும்படி வையுங்கள். 800 வோல்ட்டில் 60 மில்லிஆம்ப் என்றால் 48 வாட், வால்வுக்கு 24 வாட். 6146பி வகை தாங்கும் 35 வாட்டுக்குள் இது வசதியாக அடங்கும். ஊசி தானாக ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள்.

டம்மி லோடு இல்லாமல் இந்த செட்டை டியூன் செய்யவே வேண்டாம். 1 கிலோஓம் 2 வாட் கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்கள் 20 வாங்கி இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட். பெயிண்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதில் மூழ்கவைத்தால் 100 வாட்டைச் சிறிது நேரம் தாங்கும். கம்பி சுற்றிய சிமென்ட் ரெசிஸ்டர் இதற்கு ஆகாது, அது காயில் போல நடந்துகொள்ளும். வீட்டு பல்பும் ஆகாது, குளிரிலும் சூட்டிலும் அதன் ஓம் பல மடங்கு மாறும். டியூன் செய்யும்போது டிரைவை ஏஎல்சி ஊசி உச்சத்துக்கும், பிளேட், லோடு இரண்டையும் ஆர்எஃப் ஊசி உச்சத்துக்கும் மாறிமாறிக் கொண்டுவர வேண்டும். எல்லாம் பத்து விநாடிக்குள், பிறகு அரை நிமிடம் ஓய்வு. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிளேட் டியூனிங் விலகியிருக்கும்போது 250 மில்லிஆம்ப் ஓடினால் 800 வோல்ட்டில் 200 வாட் முழுவதும் வெப்பமாக இரண்டு பிளேட்டிலும் இறங்குகிறது. அதாவது தாங்குவதைப் போல மூன்று மடங்கு.

சக்தி குறைவாக வந்தால் எந்த அலைவரிசையில் குறைகிறது என்பதே பாதி விடை. எல்லாவற்றிலும் குறைவு என்றால் ஃபைனல்கள், ஸ்கிரீன் (வால்வின் இரண்டாவது கிரிட்) வோல்ட்டேஜ், மெயின்ஸ் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் என்றால் பேண்டு சுவிட்சின் அந்த முனை அல்லது அந்தக் காயில். 80, 40 மீட்டர் அலைவரிசைகளில் நன்றாக இருந்து, உயர்ந்த 15, 10 மீட்டரில் மட்டும் சரிந்தால் ஃபைனலைக் குற்றம் சொல்லாமல் முதலில் 12பிஒய்7ஏ வால்வை மாற்றிப் பாருங்கள். வலுவிழந்த டிரைவர் தன்னை உயர் அலைவரிசையில்தான் காட்டிக்கொடுக்கும். 10 மீட்டரில் கொஞ்சம் குறைவாக வருவது புது செட்டிலும் இயல்பு. இரண்டு ஃபைனலில் ஒன்று மட்டும் சிவந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது, அதே சாக்கெட்டில் நின்றால் சாக்கெட்டோ அதைச் சுற்றிய பாகமோ கெட்டது.

ஃபைனலை மாற்ற நேர்ந்தால் எஸ்2001ஏக்குப் பதில் 6146பி நேராகப் பொருந்தும். இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக இருக்கட்டும். 6146டபிள்யூ என்று விற்பதை வாங்கும்போது கவனம் தேவை. அந்தப் பெயரில் வந்தவற்றில் சில ‘ஏ’ வகைக்குச் சமம், சில ‘பி’ வகைக்குச் சமம். வால்வு மாற்றினால் நியூட்ரலைசேஷன் (வால்வுக்குள் பின்னோக்கிக் கசியும் ஆர்எஃப்பை ரத்து செய்வது) செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஃபைனல் தானே ஆஸிலேட்டராகிவிடும். 10 மீட்டரில் வழக்கம்போல் டியூன் செய்துவிட்டு, பின்புறமுள்ள எஸ்ஜி சுவிட்சால் ஸ்கிரீனைத் துண்டித்து, டிரைவ் கொடுக்கும்போது ஆன்டெனா முனைக்குக் கசிந்து வரும் ஆர்எஃப் மிகக் குறைவாகும்படி நியூட்ரலைசிங் டிரிம்மரைத் திருப்ப வேண்டும். பிளேட்டில் அப்போதும் 800 வோல்ட் இருக்கும். திருப்ப பிளாஸ்டிக் அல்லது மூங்கில் கருவிதான், உலோகம் கூடாது. சரியாக அமைந்ததற்கு அடையாளம்: ஸ்கிரீனைத் திரும்பப் போட்டு டியூன் செய்யும்போது பிளேட் மின்னோட்டம் தாழும் இடமும் ஆர்எஃப் உச்சமும் ஒரே இடத்தில் வரும்.

செட்டை நேரில் பார்க்காமல் தீர்மானிக்க முடியாதவையும் உண்டு. பெரிய சந்தேகம் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர். பரணின் மழைக்கால ஈரம் அதில் இறங்கியிருந்தால் மல்டிமீட்டரில் தெரியாது. எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வாங்கி, செட் மெயின்ஸிலிருந்து முற்றிலும் கழன்ற நிலையில், பிரைமரிக்கும் சாசிஸுக்கும் இடையே மட்டும் அளந்து பாருங்கள். பத்து மெகாஓமுக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு போகலாம். ஒன்றிரண்டு மெகாஓம் என்றால் சில நாள் வெயில் படும் உலர்ந்த அறையில் வைத்து மறுபடி அளக்கவும். மெகரை டிரான்சிஸ்டர் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் பெரியப்பா உள்ளே என்ன மாற்றங்கள் செய்தார் என்பதும் வெளியிலிருந்து தெரியாது. கையேட்டின் படத்தில் இல்லாத பாகம் எதைக் கண்டாலும் பிடுங்காமல் படம் எடுத்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். அவர் நோட்டுப் புத்தகம் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வீட்டில் கட்டிய லீனியருக்கு அதுதான் ஒரே கையேடு.

லீனியரைக் கடைசியில் எடுங்கள், செட் ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடிய பிறகு. முதலில் உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் சக்தி வரம்பைப் படியுங்கள். வியு3 நிலையில் இந்த லீனியரை முழுச் சக்தியில் காற்றில் விட உங்களுக்கு அனுமதி இருக்காது, சோதனை எல்லாம் டம்மி லோடில்தான். அதுவும் மேலே சொன்ன 100 வாட் டப்பா இதற்குப் போதாது. உள்ளே வழக்கமான அமைப்பு என்றால், 100 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கெபாசிட்டர்கள் நான்கு தொடராக, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 100 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். 1500 வோல்ட்டில் இந்த வரிசை சுமார் 28 ஜூல் சேமிக்கிறது, ஆளைக் கொல்ல அது போதும். ரெசிஸ்டர்கள் நன்றாக இருந்தால் அணைத்த அரை நிமிடத்தில் 50 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒரே ஒரு ரெசிஸ்டர் அறுந்தாலும் அதற்குரிய கெபாசிட்டர் வடியாமல் நிற்கும். அந்த ரெசிஸ்டருக்கு உரிய கெபாசிட்டரின் மேல் பங்குக்கு மீறிய வோல்ட்டேஜும் ஏறும். பழைய லீனியரில் அறுந்த ரெசிஸ்டர் இருப்பதாகவே வைத்துக்கொண்டு அணுகுங்கள். ஒவ்வொன்றிலும் 1.4 வாட் வெப்பம் எப்போதும் இறங்குவதால், 2 வாட் போட்டவர் காலப்போக்கில் கருகவிட்டிருப்பார். நான்கையும் 5 வாட்டாக மாற்றுங்கள். டிஸ்சார்ஜ் குச்சியில் இதற்கு இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு பிளேட் சப்ளையைத் துண்டித்துவிட்டு ஃபிலமென்ட்டை மட்டும் எரித்து, சாக்கெட்டின் காலிலேயே 6.3 வோல்ட் வருகிறதா என்று அளக்கவும். வால்வுக்கு 4 ஆம்ப் ஓடுவதால் ஒயரிலும் சோக்கிலும் எளிதில் அரை வோல்ட் தொலையும். 811ஏ வால்வுக்கு 1250 வோல்ட் வரை பயாஸ் தேவையில்லை. 1500க்கு ஏறினால் 4.5 வோல்ட் நெகட்டிவ் வேண்டும், உங்கள் பெரியப்பா எதைப் பயன்படுத்தினார் என்பதைப் பிளேட் சப்ளையை அளந்தால்தான் தெரியும். 1250இல் டிரைவ் இல்லாமல் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 50 மில்லிஆம்ப் ஓடுவது இயல்பு. செட்டின் முழு 100 வாட்டையும் இதற்குள் தள்ளாதீர்கள், இரண்டு 811ஏக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். செட்டுக்கும் லீனியருக்கும் நடுவே ரிலே ஒயரை மாட்டுவதற்கு முன், லீனியரின் கீ முனையில் (செட் அனுப்பும்போது லீனியரை இயக்கும் இணைப்பில்) எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்துவிடுங்கள். பழைய லீனியர்களில் அங்கே 100 வோல்ட்டுக்கு மேல் இருப்பதுண்டு. டிஎஸ்-520எஸ் செட்டின் ரிலே முனை அதைச் சமாளிக்கக்கூடும், ஆனால் நாளை வாங்கும் புது டிரான்சிஸ்டர் செட்டின் கீ முனை அந்த நொடியிலேயே போய்விடும். அதனால் நடுவே 12 வோல்ட் காயில் உள்ள சிறிய ரிலே ஒன்றைப் போட்டு, காயிலின் குறுக்கே 1என்4007 டையோடை எதிர்முகமாக வைத்து, லீனியரின் கீ வயரை அந்த ரிலேயின் தொடுமுனைகள் வழியாக மட்டும் கொண்டுபோங்கள்.